வெனிஸுக்கு ரெண்டு பேரா போறீங்களா? சண்டை இல்லாம திரும்பி வர சில வழிகள்

வெனிஸுக்கு ஃப்ரெண்டோட போறேன், என்னென்ன பார்க்கணும்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, ராத்திரி எங்க தூங்கப் போறீங்க அப்படிங்கறதுதான். ஏன்னா மத்த எல்லாமே அதைப் பொறுத்துதான் அமையுது. நெறைய பேரு காசு மிச்சம் பண்றேன்னு தண்ணிக்கு அந்தப் பக்கம் நிலப்பரப்புல இருக்கற மெஸ்த்ரேல ரூம் போட்டுட்டு காலைல ட்ரெயின் ஏறி பத்து பன்னெண்டு நிமிஷத்துல வெனிஸ் தீவுல இருக்கற சாந்தா லூசியா ஸ்டேஷன்ல இறங்கி கூட்டத்தோட கூட்டமா நடந்து சாயங்காலம் அதே கூட்டத்தோட திரும்பிப் போயிடுறாங்க. அவங்க வந்து சொல்றது ஒண்ணுதான், ஊரு நல்லாதான் இருந்துச்சு ஆனா ஒரே கும்பல்னு. கும்பல் சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல வடிஞ்சுடும்ங்க. அப்போ நீங்களும் அந்தக் கும்பல்ல ஒருத்தரா ட்ரெயின்ல இருந்தா எப்படி தெரியும்?

தீவுக்குள்ள நிரந்தரமா குடியிருக்கறவங்க எண்ணிக்கை 2022ல 50,000க்கும் கீழ போயிடுச்சு, 1951ல அது ஒண்ணே முக்கால் லட்சம். அந்த மிச்சம் இருக்கற ஜனங்க ராத்திரிதான் வெளில தெரிவாங்க, சின்ன சதுக்கத்துல பசங்க சர்ச் சுவத்துல பந்து அடிப்பாங்க, பாட்டிங்க நாயைக் கூட்டிட்டு நடப்பாங்க, நம்ம செருப்பு சத்தம் நமக்கே கேக்கும். அதனால மூணு ராத்திரி மெஸ்த்ரேல இருக்கறதுக்கு பதிலா ஒரு ராத்திரி குறைச்சாவது உள்ள தங்குங்க. ரெண்டு பேரு ரூம் வாடகைய பிரிச்சுக்கும்போது அவ்ளோ வலிக்காது. ஓட்டல்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு தங்குற வரி ஒண்ணு தனியா வாங்குவாங்க, பெரும்பாலும் ரூம் வாடகைல சேராது, கடைசி நாள் அத பார்த்து முழிக்காதீங்க.

பகல்ல மட்டும் வந்துட்டு போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம்னு ஒண்ணு 2024ல ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் 29 நாள், 5 யூரோ. 2025ல அத 54 நாளாக்கி, முன்கூட்டி கட்டினா 5, கடைசி நேரத்துல கட்டினா 10ன்னு வச்சாங்க, காலை எட்டரைலேந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் கணக்கு. பெரும்பாலும் ஏப்ரல்லேந்து ஜூலை வரைக்கும் வர்ற வாரக்கடைசிங்கதான். ஊருக்குள்ள தங்குறவங்க கட்ட வேண்டாம் (மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதாங்கறதால அங்க தங்கினாலும் வேண்டாம்), ஆனா விலக்குன்னு ஆன்லைன்ல பதிஞ்சு அந்த க்யூஆர் கோட போன்ல வச்சுக்கணும். ரெண்டு பேருக்கும் பதியணும், ஒருத்தரு போன்லயே ரெண்டும் இருக்கு, அந்த ஒருத்தரு டாய்லெட் தேடிப் போயிருக்காருன்னு செக் பண்றவங்ககிட்ட நின்னுட்டு இருக்காதீங்க. நாளும் ரேட்டும் வருஷா வருஷம் மாத்துறாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி நகராட்சி தளத்துல ஒரு தடவ பார்த்துடுங்க.

இப்போ வந்து இறங்குற கதைக்கு வருவோம், முதல் சண்டை அங்கதான் வரும்.

வெனிஸ்ல வீட்டு நம்பர் தெருவுக்கு தெருவு கிடையாது. ஊரு ஆறு பகுதி, சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜியோ, டோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. ஒவ்வொரு பகுதிக்கும் ஒண்ணுலேந்து ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல நம்பர் ஓடும். கன்னரேஜியோ 3,400ன்னா அது எந்த சந்துன்னு அந்த நம்பர வச்சு யாராலயும் சொல்ல முடியாது. நாங்க ராத்திரி ஒம்போதரைக்கு இறங்கி இந்த மாதிரி ஒரு அட்ரஸ் மட்டும் வச்சுக்கிட்டு தேடினோம். ஜிபிஎஸ் அந்த ஒடுக்கமான சந்துக்குள்ள தண்ணிக்கு நடுவுல எங்கள நிக்க வைக்குது, நேரா போன்னு சொல்லுது, நேரா போனா படி, படிக்கு கீழ கால்வாய். ஒரு கட்டத்துல என் கூட வந்தவன் சூட்கேஸ கீழ வச்சுட்டு அது மேலயே உக்காந்து, "டேய், இந்தப் பாலத்த நாம மூணாவது தடவ ஏறுறோம்டா, அந்தக் கதவுல இருக்கற சிங்கத்துக்கே நம்மள அடையாளம் தெரிஞ்சிருக்கும்"ன்னான். நான் சிரிக்கல, அப்போ சிரிக்கிற நிலைமைல இல்ல. தங்கற இடம் அங்கேருந்து அம்பதடி தூரத்துல, ஒரு வீட்டுக்கு அடியில பூந்து போற வழிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அது வழின்னே எங்களுக்குத் தோணல, யாரோ வீட்டு வாசல்னு நெனச்சுட்டோம்.

அதனால ரூம் குடுக்கறவங்ககிட்ட மூணு விஷயம் முன்னாடியே எழுதி வாங்கிடுங்க: பக்கத்துல இருக்கற படகு ஸ்டாப் பேரு, பக்கத்து சதுக்கத்தோட பேரு, அங்கேருந்து எத்தனை பாலம். மூணாவதுதான் ரொம்ப முக்கியம். வெனிஸ்ல தூரத்த மீட்டர்ல பார்க்காதீங்க, பாலத்துல பாருங்க. நானூறுக்கு மேல பாலம் இருக்கு, எல்லாத்துக்கும் படி, சரிவுப் பாதை இருக்கறது ரொம்ப கம்மி. 20 கிலோ சூட்கேஸோட ரெண்டு பாலம்னா ஓகே, நாலு பாலம்னா முணுமுணுப்பு, ஆறு பாலம்னா நட்பே போயிடும். ஸ்டேஷன்லேந்து கன்னரேஜியோ பக்கம்னா பெரிய கால்வாய தாண்டவே வேண்டாம், கொஞ்சம் தப்பிச்சுக்கலாம். ஏர்போர்ட்லேந்து பஸ்ல வர்றவங்க பியாட்சாலே ரோமாவுல இறங்குவாங்க, காரு பஸ்ஸுக்கெல்லாம் அதுதான் கடைசி, அதுக்கு மேல காலும் படகும்தான். முதுகுல மாட்டுற பை ஒண்ணோட போனா பாதி வெனிஸ் சுலபமாயிடும். முடியாதுன்னா இறங்கின அன்னைக்கு மட்டும் வெக்கப்படாம படகு ஏறிடுங்க.

வழி தேடறதுக்கு கொஞ்சம் உள்ளூர் வார்த்தை தெரிஞ்சா போதும். கல்லேன்னா சந்து, காம்போன்னா சதுக்கம், ரியோன்னா சின்ன கால்வாய், ஃபொந்தமெந்தான்னா தண்ணி ஓரமா போற நடைபாதை, ரியோ தெரான்னா முன்னாடி கால்வாயா இருந்து மண்ணு போட்டு மூடின தெரு, சோத்தோபோர்த்தெகோன்னா எங்க கால வாரிவிட்ட அந்த வீட்டுக்கு அடியில போற வழி. பியாட்சான்னு பேரு வச்சுக்கற பெருமை சான் மார்கோ ஒண்ணுக்குத்தான், மத்ததெல்லாம் காம்போ. சுவத்துல மஞ்சள் பலகைல ரியால்ட்டோ, சான் மார்கோ, ஃபெர்ரோவியா (ஸ்டேஷன்) இந்த மாதிரி அம்புக்குறி போட்டிருக்கும், சில இடத்துல ஒரே பேருக்கு ரெண்டு பக்கமும் அம்பு இருக்கும், ரெண்டும் உண்மைதான், எப்படி போனாலும் சேர்ந்துடும். எதுவும் புரியலன்னா ஆளுங்க அதிகமா போற பக்கம் போங்க, தனியா இருக்கணும்னா அதுக்கு எதிர்ப்பக்கம் போங்க, இதவிட நல்ல மேப் இந்த ஊருல இல்ல.

சரி, ரெண்டு பேரா நடக்கறதுக்குன்னு சில ஒப்பந்தம் வேணும். சந்து சில இடத்துல ரெண்டு ஆளு தோளோட தோள் உரசற அகலம்தான், பக்கத்துல பக்கத்துல நடந்து பேசிட்டு போனா எதிர்ல காய்கறி வண்டி தள்ளிட்டு வர்ற ஆளு கத்துவாரு, கத்தறதுல நியாயமும் இருக்கு, அது அவரு வேலைக்குப் போற ரோடு. வலது பக்கமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நடங்க, பாலத்து உச்சில நின்னு போட்டோ எடுக்கறதுன்னா ஓரமா ஒதுங்கிடுங்க. தொலைஞ்சு போனா எங்க சந்திக்கறதுன்னு காலைலயே பேசிக்கோங்க. சான் மார்கோ வேண்டவே வேண்டாம், அங்க ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிக்க முடியாது. நாங்க ஒரு காம்போவுல நடுவுல இருக்கற குடிதண்ணி குழாய வச்சுக்கிட்டோம், அதுக்கு இன்னொரு லாபமும் உண்டு, அந்தக் குழாயெல்லாம் நல்ல தண்ணி, பாட்டில் நிரப்பிக்கலாம், காசு குடுத்து தண்ணி வாங்கவே தேவையில்ல.

அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மூணு மணி நேரம் வேணும்னே பிரிஞ்சிடுங்க. இத நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். ஒருத்தருக்கு பெயிண்டிங் பிடிக்கும் ஒருத்தருக்கு உக்காந்து வேடிக்கை பார்க்கப் பிடிக்கும், ரெண்டையும் சேர்த்து செஞ்சா ரெண்டு பேருக்கும் பாதிதான் கிடைக்கும். என் ஆளு படகுத் துறைல உக்காந்துட்டான், நான் ஃப்ராரி சர்ச்சுக்குப் போய் திஷியன்ங்கற ஓவியர் வரைஞ்ச, 1518ல பீடத்துக்கு மேல வச்ச பெரிய படத்த பார்த்தேன், பக்கத்துலயே சான் ரோக்கோ மண்டபம், அங்க தின்தொரெத்தோங்கற ஆளு 1564ல ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல சுவரு கூரைன்னு வரைஞ்சு தள்ளியிருக்காரு. கூரைய அண்ணாந்து பார்த்து கழுத்து பிடிச்சுக்காம இருக்க அங்க கைக்கண்ணாடி வச்சிருப்பாங்க, எடுத்து மடியில வச்சு குனிஞ்சு பார்த்தா மேல இருக்கற படம் கைக்குள்ள வந்துடும். கண்ணாடிய லேசா சாச்சா படத்துல இருக்கறவங்க எல்லாரும் உங்க மேல விழற மாதிரி இருக்கும். இது மட்டும் அவனும் வந்திருக்கலாம்னு தோணுச்சு.

படகு விஷயம். ஊருல ஓடுற பஸ் படகு பேரு வாப்போரெட்டோ. நான் எழுதறப்போ ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45. அதாவது ஒரு நாள்ல மூணாவது தடவ ஏறினாலே பாஸ் லாபம், ரெண்டே தடவதான்னா தனி டிக்கெட். 29 வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்கு ரோலிங் வெனிஸ்னு ஒரு கார்டு, அதோட மூணு நாள் பாஸ் நல்லா குறையும். ஒவ்வொரு தடவ ஏறும்போதும் துறைல இருக்கற மெஷின்ல கார்ட காட்டணும், பாஸ்தானே இருக்குன்னு காட்டாம ஏறிடாதீங்க. ஏர்போர்ட்லேந்து வர்ற அலிலகூனா படகு வேற கம்பெனி, இந்த பாஸ் அதுல செல்லாது. ஒரே ஸ்டாப்ல ரெண்டு மூணு மிதவைத் துறை இருக்கும், போற திசைக்கு ஒண்ணு வர்ற திசைக்கு ஒண்ணு, 4.1ம் 4.2ம் ஒரே வட்டத்த எதிர் எதிரா சுத்துது, தப்பா ஏறிட்டா ஊர ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், அதுவும் மோசமில்ல. முதுகுப் பைய கழட்டி கைல வச்சுக்கோங்க, இல்லாட்டி திரும்பும்போதெல்லாம் யாரையாவது இடிப்பீங்க.

பெரிய கால்வாய பார்க்க தனியா டூர் எதுவும் வாங்க வேண்டாம். ஒண்ணாம் நம்பர் படகு எல்லா ஸ்டாப்லயும் நின்னு நின்னு போகும், பியாட்சாலே ரோமாலேந்து சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆரம்ப ஸ்டாப்லயே ஏறி, அந்தப் படகுல முன்னாடி திறந்த சீட் இருந்தா ஓடிப் போய் பிடிங்க, இல்லாத மாடல் வந்தா அடுத்ததுக்கு விடுங்க. பகல்ல ஒரு தடவ, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவ. ராத்திரி அந்த மாளிகைங்கள்ல சில ஜன்னல் மட்டும் வெளிச்சமா இருக்கும், உள்ள மரக் கூரையும் கண்ணாடி விளக்கும் தெரியும், ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்துக்கிட்டே போகலாம், நாங்க ரெண்டு பேரும் எதுவுமே பேசாம வந்த ஒரே முக்கால் மணி நேரம் அதுதான். வழில மொத்தம் நாலே பாலம் குறுக்க வரும், அதுல ரியால்ட்டோதான் பழசு, 1591ல முடிச்சது, ரொம்ப நாள் வரைக்கும் அந்தக் கால்வாய்க்கு அது ஒண்ணுதான் பாலம்.

கொண்டோலா, அதான் அந்த நீளமான துடுப்புப் படகு, ஏறணுமா வேணாமாங்கறது ஜாதகம் பார்த்து முடிவு பண்ற அளவுக்கு யோசிக்கறாங்க. ரேட் நகராட்சி நிர்ணயிச்சது, பகல்ல 30 நிமிஷத்துக்கு 90 யூரோ, ராத்திரி 7 மணிக்கு மேல 110. இது ஆளுக்கு இல்ல, படகுக்கு, அஞ்சு பேரு வரைக்கும் ஏறலாம், ஆக ரெண்டு பேருன்னா ஆளுக்கு 45, துறைல நிக்கற இன்னொரு ஜோடிய பேசி சேர்த்துக்கிட்டா இன்னும் குறையும். ஏறினீங்கன்னா பெரிய கால்வாய்ல வேண்டாம், சின்ன கால்வாய் பக்கம் போற துறையா பாருங்க. மூலை திரும்பும்போது எதிர்ல படகு வந்துடக் கூடாதுன்னு ஓட்டறவரு "ஓயே"ன்னு ஒரு குரல் குடுப்பாரு, அந்த சத்தம் சுவத்துல பட்டு திரும்பி வரும். படகையும் கவனிங்க, இடது பக்கம் வலது பக்கத்தவிட 24 சென்டிமீட்டர் அகலம், ஒரே ஆளு ஒரே பக்கமா துடுப்பு போடறதால நேரா போகறதுக்காக வேணும்னே கோணலா செஞ்சிருக்காங்க. காசு வேஸ்ட்னு நெனக்கறவங்களுக்கு த்ராகெட்டோ இருக்கு, கொண்டோலா மாதிரியே படகு, ரெண்டு பேரு துடுப்பு போட்டு பெரிய கால்வாய குறுக்க தாண்டி விடுவாங்க, வெளியூர்க்காரங்களுக்கு 2 யூரோ. ரியால்ட்டோ மார்க்கெட் எதிர்ல சாந்தா சோஃபியாவுல ஒண்ணு இருக்கு. ஊர்க்காரங்க நின்னுக்கிட்டே போவாங்க. நாங்களும் நின்னோம், பாதில என் ஆளு என் சட்டைய பிடிச்சான், நான் அவன் பைய பிடிச்சேன், ரெண்டு பேரும் உக்காந்துட்டோம்.

படகு எங்க செய்யறாங்கன்னு பார்க்கணும்னா டோர்சோதூரோல சான் த்ரொவாசோன்னு ஒரு பட்டறை, கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்னாலே தெரியும். மரவீடு மாதிரி, மலைக்கிராமத்துலேந்து பேத்து எடுத்துட்டு வந்து வச்ச மாதிரி இருக்கும், மலைப்பக்கத்துலேந்து வந்த தச்சருங்க கட்டினதுன்னு சொல்வாங்க.

சான் மார்கோவுக்கு காலைல எட்டு மணிக்கு முன்னாடி ஒரு தடவ போயிடுங்க, சும்மா வெளில நின்னு பார்க்க. அங்க இருக்கற பெரிய சர்ச்சுக்குள்ள போறதுக்கு ஆன்லைன்ல நேரம் போட்டு டிக்கெட் எடுத்துடுங்க, தோளும் முட்டியும் மூடியிருக்கணும், பெரிய பை உள்ள விட மாட்டாங்க. உள்ள கூரை முழுக்க தங்க மொசைக், அதவிட எனக்கு பிடிச்சது மாடில இருக்கற நாலு வெண்கலக் குதிரை. 1204ல கான்ஸ்டான்டிநோபிள கொள்ளையடிச்சப்போ தூக்கிட்டு வந்தது, 1797ல நெப்போலியன் வந்து வெனிஸ் குடியரசையே முடிச்சு வச்சுட்டு அதே குதிரைங்கள பாரிஸுக்கு தூக்கிட்டு போயிட்டாரு, 1815ல திரும்பி வந்துச்சு. திருடினத திருடிட்டாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டிருப்பாங்க போல. வெளில வாசலுக்கு மேல நிக்கறது நகல், நிஜம் உள்ள இருக்கு. மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்னைக்கு அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு, காவக்காரரோட பூனையத் தவிர யாருக்கும் ஒண்ணும் ஆகல, 1912ல அதே இடத்துல அதே மாதிரி கட்டிட்டாங்க. அதுல ஏற க்யூ நீளமா இருந்தா விட்டுடுங்க, எதிர்ல தண்ணிக்கு அந்தப் பக்கம் சான் ஜியோர்ஜியோ மஜ்ஜோரே தீவுக்கு ஒரு ஸ்டாப் படகு, அங்க சர்ச் கோபுரத்துக்கு லிஃப்ட், கூட்டமும் குறைவு. அங்கேருந்து பார்த்தா சான் மார்கோவும் உங்க காட்சில வரும்ல, அதுதான் விஷயம்.

தோஜே (அந்தக் குடியரசோட தலைவர்) அரண்மனைக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஒதுக்குங்க. உள்ள சுவத்துல சிங்க முகம் மாதிரி வாய் திறந்த பெட்டி இருக்கும், அந்தக் காலத்துல யாரு மேலயாவது ரகசியமா புகார் எழுதி அதுக்குள்ள போட்டுடுவாங்க, மூணாவது நாள் ட்ரிப்ல கூட வந்தவங்க மேல ஒண்ணு எழுதிப் போடலாம்னு கண்டிப்பா தோணும். பெருமூச்சுப் பாலத்த எல்லாரும் வெளில நின்னு முட்டி மோதி போட்டோ எடுப்பாங்க, நீங்க அரண்மனை டிக்கெட்லயே அதுக்குள்ள நடந்து ஜெயிலுக்குப் போகலாம். உள்ள இருட்டு, கல்லுல ஓட்டை போட்ட ஜன்னல், அது வழியா துண்டு துண்டா தண்ணி தெரியும். பாலத்துல நிக்கற கூட்டம் கேமராவ உங்க பக்கம் தூக்கிப் பிடிச்சிருக்கும்.

சாப்பாட்டுல ரெண்டு பேரும் ஒரே மாதிரி பசிக்கறவங்கன்னா கவலையில்ல, எங்களுக்கு அப்படி இல்ல. அதுக்குன்னே இருக்கு பாக்காரோ, நின்னுக்கிட்டு சாப்பிடற சின்ன ஒயின் கடை. கவுண்டர்ல சிக்கெத்தின்னு சின்னச் சின்ன ஐட்டம் அடுக்கியிருக்கும், ரொட்டித் துண்டு மேல அடிச்சு மசிச்ச கருவாட்டு மீன் (பக்கலா மந்தெகாத்தோ), வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவச்ச மத்தி, உருண்டை, முட்டை. விரல காட்டி வாங்கலாம், ஒண்ணு ரெண்டு யூரோ மூணு யூரோன்னு போகும், ஒருத்தரு ரெண்டு சாப்பிடலாம் ஒருத்தரு எட்டு சாப்பிடலாம். சின்ன கிளாஸ் ஒயினுக்கு இங்க ஓம்ப்ரான்னு பேரு, நிழல்னு அர்த்தம், மணிக்கூண்டு நிழல் நகர நகர ஒயின் விக்கறவங்களும் நகருவாங்களாம், அதுலேந்து வந்த பேருன்னு கதை. சைவம்னா பயப்படாதீங்க, ஆனா கேட்டு வாங்குங்க, "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே"ன்னா கறி இல்லாம மீன் இல்லாம. கூனைப்பூவோட (ஆர்ட்டிசோக்) அடிப்பாகத்த வேகவச்சு எண்ணெய் பூண்டு போட்டு வைப்பாங்க, பக்கத்து சாந்த் எராஸ்மோ தீவே அந்த பூவுக்கு பேரு போனது, சீஸனா இருந்தா விடாதீங்க. காபிய கவுண்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா வேற விலை, சான் மார்கோ சதுக்கத்துல பாண்டு வாசிக்கற காபி கடைன்னா பாட்டுக்கும் சேர்த்து பில்லு வரும். ஹோட்டல் பில்லுல கொப்பெர்தோன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ இருக்கும், அது ஏமாத்து இல்ல, வழக்கம். போட்டோ போட்ட மெனுவும் வாசல்ல நின்னு கூப்பிடற ஆளும் இருந்தா நடைய கட்டுங்க. மீனுக்கு கிலோ கணக்குல விலை போட்டிருந்தா எடை போட்டு விலைய சொல்லச் சொல்லிட்டு அப்புறம் ஆர்டர் குடுங்க, நாங்க கேக்கல, அந்த பில்லப் பத்தி இப்போ வேண்டாம்.

ரியால்ட்டோ மீன் மார்க்கெட் ஞாயிறும் திங்களும் கிடையாது, மத்த நாள் காலைல சீக்கிரம் போங்க. சுவத்துல ஒரு பழைய கல்லு, எந்த மீனு எத்தனை சென்டிமீட்டருக்குக் குறையா விக்கக் கூடாதுன்னு செதுக்கி வச்சிருக்கு. என் ஆளு மத்திக்கு நேரா விரல வச்சு அளந்துட்டு, அடுத்த கடைல போய் நிஜ மத்திய உத்துப் பார்த்தான், கடைக்காரருக்கு என்ன தோணுச்சோ சிரிச்சாரு.

எப்போ போறதுன்னா, ஜூலை ஆகஸ்ட் வெயிலும் கொசுவும் கூட்டமும், பிப்ரவரில கார்னிவல் சமயம் ரூம் விலை ஏறும். எனக்கு பிடிச்சது நவம்பர். மூடுபனி, ஈரம், ஆளு கம்மி. அப்போதான் அக்குவா ஆல்தா, அதாவது கடல் ஏறி ஊருக்குள்ள வர்றது, அதோட சீஸனும். 1966 நவம்பர் 4ல கடல் மட்டம் 194 சென்டிமீட்டர் ஏறுச்சு, 2019 நவம்பர்ல 187. இப்போ பயப்படற மாதிரி இல்ல, கடல் காயலுக்குள்ள நுழையற மூணு வாய்லயும் மோசேன்னு 78 இரும்புக் கதவு படுக்க வச்சிருக்காங்க, தண்ணி 110க்கு மேல வரும்னா காத்து அடிச்சு நிமித்துவாங்க, 2020 அக்டோபர்லேந்து வேலை செய்யுது. ஆனா சான் மார்கோ சதுக்கம் ஊர்லயே தாழ்வான இடம், 80, 85லயே நனைய ஆரம்பிச்சுடும், கதவு தூக்கற அளவுக்கு வராத தண்ணிதான் உங்க ஷூவ கெடுக்கும். நகராட்சியோட அலை முன்னறிவிப்பு போன்லயே பார்க்கலாம். எல்லாம் சில மணி நேரத்துல வடிஞ்சுடும், அதுவரைக்கும் மேடான பக்கம் போய் காபி குடிங்க. தெருவுல விக்கற ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் உறைய ஷூ மேல மாட்டிக்கிட்டு பத்து நிமிஷம் சந்தோஷமா நடக்கலாம், பதினொண்ணாவது நிமிஷம் ஓட்டை.

தீவுங்களுக்கு ஒரு நாள் வேணும். ஃபொந்தமெந்தே நோவேலேந்து 12ஆம் நம்பர் படகு முரானோ வழியா புரானோ போகும். நான் புரானோவ முதல்ல முடிச்சுட்டு திரும்பும்போது முரானோன்னு சொல்வேன், புரானோவோட கலர் கலர் வீட்டு முன்னாடி பத்து மணிக்கு மேல நிக்க இடம் இருக்காது. புரானோலேந்து அஞ்சு நிமிஷத்துல தொர்ச்செல்லோ, ஒரு காலத்துல வெனிஸவிட பெரிய ஊரு, இப்போ வயக்காடும் ஒரு பழைய சர்ச்சும், உள்ள கடைசித் தீர்ப்பு மொசைக், அதுல நரகம் பக்கம்தான் சுவாரஸ்யமா இருக்கு. கண்ணாடிப் பட்டறைங்கள 1291ல தீவிபத்து பயத்துல முரானோவுக்கு மாத்தினாங்க. ஃப்ரீயா படகுல கூட்டிட்டு போறோம்னு யாராவது சொன்னா அது நேரா ஒரு ஷோரூம்ல போய் நிக்கும், வாங்காம வெளில வர தில்லு வேணும். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தரு வயித்த பிடிச்சுக்கிட்டு டாய்லெட் எங்கன்னு கேட்டா போதும், விட்டுடுவாங்க.

சில விதிமுறை இருக்கு, பாலத்துப் படில உக்காந்து பார்சல் சாப்பிடக் கூடாது, கால்வாய்ல கால விட்டு ஆட்டறது குளிக்கறதுன்னா அபராதம், புறாவுக்குத் தீனி 2008லேந்து தடை. கடல் புறா பத்தி தனியா சொல்றேன், அதுக்கும் தீனி போடக் கூடாது, ஆனா அது நீங்க போடற வரைக்கும் காத்திருக்காது, கைல இருக்கற சாண்ட்விச்ச பின்னாடிலேந்து வந்து எடுத்துட்டு போயிடும்.

காசு கணக்கு, ஆளுக்கு அம்பது யூரோ போட்டு ஒரு பொது பர்ஸ் வச்சுக்கோங்க, காபி டாய்லெட் த்ராகெட்டோ எல்லாம் அதுலேந்து, தீர்ந்தா மறுபடியும் அம்பது. நீ குடுத்தது நான் குடுத்ததுன்னு ஒவ்வொரு சிக்கெத்திக்கும் நோட் போடறவங்கள பார்த்திருக்கேன், ஒயினே புளிச்சுப் போயிருக்கும்.

கடைசியா, கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் லக்கேஜ் இல்லாம ஒரு தடவ ரூம்லேந்து ஸ்டேஷனுக்கோ படகுத் துறைக்கோ நடந்து பார்த்துடுங்க, பாலத்த எண்ணிக்கோங்க, எந்த மூலைல திரும்பணும்னு ஒரு கடை, ஒரு கதவுன்னு அடையாளம் வச்சுக்கோங்க. நாங்க அப்படி பார்த்தப்போதான் தெரிஞ்சுது, முதல் ராத்திரி ஒண்ணேகால் மணி நேரம் தேடின இடத்துக்கு ஸ்டேஷன்லேந்து ரெண்டே பாலம், பதினாலு நிமிஷம். மறுநாள் காலைல ஆறு மணிக்கு அந்த சிங்கக் கதவத் தாண்டும்போது அவன் அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தான்.